யூதர் என்றால் வேதத்தில் யார்? பத்து வயதுப் பையனிடம் மாட்டிக்கொண்டேன்

ஸயாமா_யாங்கூன்

சபையாருக்கு ஸ்தோத்திரம், மற்றவர்களுக்கு வணக்கம். நான் யாங்கூனில் ஒரு தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், பிள்ளைகள் என்னை ஸயாமா என்பார்கள், பர்மியத்தில் டீச்சர் என்று அர்த்தம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். கரண்ட் இருக்கிற ஞாயிறு என்றால் பதினான்கு பேர் வருவார்கள், இல்லையென்றால் ஏழோ எட்டோ. பாதிப் பேர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத்தான் திணறுவார்கள், அதனால் தமிழ் வேதாகமமும் பர்மிய வேதாகமமும் அருகருகே வைத்துத்தான் பாடம் நடக்கும்.

போன வாரம் சபை ஹாலுக்குப் பெயின்ட் வாங்க 26-ஆம் தெருவுக்குப் போனேன். டப்பா தூக்க வகுப்புப் பையன்கள் இருவர் கூட வந்தார்கள். அந்தத் தெருவில் பெயின்ட் கடைகளுக்கு நடுவே யூதருடைய ஜெப ஆலயம் இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒருவன் பலகையைப் பார்த்து இது என்ன இடம் என்று கேட்டான், சொன்னேன். உடனே, தெருவே கேட்கிற மாதிரி, "இவங்கதானே ஸயாமா இயேசுவைக் கொன்னவங்க?" கடைக்காரர் வயதான முஸ்லிம், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர், அவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்றேன். அதற்கு இரண்டாமவன், "வேதத்திலேயே இருக்கே ஸயாமா, யூதாஸ் பேரே யூதர்னுதானே வருது" என்றான்.

வீட்டுக்கு வந்து யோவான் சுவிசேஷத்தை முழுதாக ஒரே மூச்சில் வாசித்தேன். பையனைக் குறை சொல்ல முடியவில்லை. யூதர்கள் அவரைக் கொலைசெய்ய வகைதேடினார்கள், யூதர்கள் கல்லெறியப் பார்த்தார்கள், யூதர்கள் சத்தமிட்டார்கள், பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். 8:44-ல் ஆண்டவரே அவர்களைப் பார்த்து "நீங்கள் உங்கள் பிதாவாகிய பிசாசானவனால் உண்டானவர்கள்" என்கிறார். ஆனால் 20:19-ல் சீஷர்கள் யூதருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டார்கள் என்று இருக்கிறது. உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் யார், சீனாக்காரர்களா? அவர்களும் யூதர்தானே. ஆண்டவர் யூதர், அவர் தாய் யூதப் பெண், பன்னிரண்டு பேரும் யூதர், எழுதிய யோவானும் யூதர். அப்படியென்றால் இந்த "யூதர்" யார்?

சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். ரொம்ப யோசித்தால் விசுவாசம் குறையும் என்றார். பிள்ளைகள் அடுத்த ஞாயிறு கேட்கத்தான் போகிறார்கள். வேதம் படித்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.


பெகு_உபதேசியார்

சகோதரி, முதலில் யூதாஸ் விஷயத்தை முடித்துவிடுவோம், அது சுலபம். யாக்கோபின் நாலாவது மகன் யூதா. அவன் கோத்திரம் யூதா, அந்த நாடு யூதேயா, அந்த ஜனம் யூதர். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு முன்னோர் பெயர் வைக்கிறபோது யூதா என்று வைத்தவர்கள் ஏராளம், நம் ஊரில் குமார் மாதிரி. ஆண்டவரின் சொந்தச் சகோதரர்களில் ஒருவர் பெயரே யூதா, மாற்கு 6:3 பாருங்கள். பன்னிருவரில் இன்னொரு யூதாவும் உண்டு, லூக்கா 6:16. காட்டிக்கொடுத்தவன் ஒருவன் பெயரை மட்டும் நாம் கிரேக்க வாலோடு "யூதாஸ்" என்று எழுதி, அதைத் திட்டாகவும் ஆக்கிக்கொண்டோம்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் சேர்த்துக் கிரேக்கத்தில் இந்த வார்த்தையை எண்ணினால் இருபதைத் தொடாது. யோவானில் மட்டும் எழுபது வாக்கில் வரும். ஆக உங்கள் பையனின் கேள்வி பாதிக்கு மேல் யோவானைப் பற்றிய கேள்விதான்.

அந்த இருபதுக்கும் குறைவான இடங்களில் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது. "யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே" என்று கேட்டது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், வெளியூர்க்காரர்கள். "நீ யூதருடைய ராஜாவா" என்றது பிலாத்து, ரோமன். பரியாசம்பண்ணின போர்ச்சேவகரும் அப்படியே. ஆனால் அதே சிலுவையடியில் பிரதான ஆசாரியர் கேலி பண்ணும்போது "இவன் இஸ்ரவேலின் ராஜாவானால்" என்கிறார்கள். தங்களுக்குள் பேசும்போது இஸ்ரவேல், வெளியார் கூப்பிடும்போது யூதர். யோவானிலும் இந்த வாசனை உண்டு. நாத்தான்வேலை ஆண்டவர் மெச்சிக்கொள்ளும்போது உத்தம இஸ்ரவேலன் என்கிறார், யூதன் என்று சொல்லவில்லை. நம்மை நாம் தமிழர் என்கிறோம், தெருவில் பர்மியர் கூப்பிடுகிற பெயர் வேறு. அது என்ன பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை.

யோவானில் அந்த வார்த்தை பெரும்பாலும் எருசலேம் அதிகாரிகளைத்தான் குறிக்கும். பிரதான ஆசாரியர், ஆலோசனைச் சங்கம், அவர்கள் அனுப்பின ஆட்கள். 7:13-ல் திருவிழாவுக்கு வந்த ஜனங்கள் யூதருக்குப் பயந்து வாய் திறக்கவில்லை என்று இருக்கிறது, அந்தக் கூட்டமே யூதக் கூட்டம். 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனின் தாய் தகப்பன் யூதருக்குப் பயந்தார்கள், அவர்களும் யூதர். ஆகையால் யூதர் என்று வருகிற இடமெல்லாம் "அதிகாரிகள்" என்று வைத்து வாசித்தால் பிரச்சினை தீர்ந்தது. கொன்றது ரோமன், சிலுவை என்பதே ரோம தண்டனை, பிலாத்து கையெழுத்து இல்லாமல் நடந்திருக்காது. பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.


வசனம்_மட்டும்

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இப்படி வார்த்தையை மாற்றி வாசிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? வேதம் யூதர் என்று எழுதினால் யூதர். மத்தேயு 27:25-ல் அதிகாரிகள் என்றா இருக்கிறது? "ஜனங்களெல்லாரும்" என்று இருக்கிறது. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக." அவர்களே கேட்டு வாங்கினது. எனக்கு எந்த யூதர் மேலும் கோபம் இல்லை, என் வாழ்க்கையில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் எழுதியிருக்கிறதை மழுப்பிச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்குப் பிள்ளை பெரியவனாகி வாசிக்கும்போது நம்மைப் பொய்யர் என்பான். பையன் தெருவில் கத்தினது தப்பு, அவன் சொன்னது தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.


மோல்மேன்காரன்

நான் கிறிஸ்தவன் இல்லை, எங்கள் வீட்டில் மாரியம்மன்தான், ஆனால் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன், வாசித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

என் தாத்தா மோல்மேனில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். செட்டியாரும் இல்லை, செட்டியாரோடு கொடுக்கல் வாங்கலும் இல்லை, அவர்கள் வட்டிக்குக் கொடுத்த கிட்டங்கியின் வாசல்படியை மிதித்ததில்லை. 1930-களில் நெல் விலை சரிந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 ஏக்கர் அவர்களிடம் இருந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25. செட்டியார்களுக்கும் அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை, அவர்கள் கேட்டது வட்டியும் முதலும்தான், ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த நியாயம் எதற்கு? அவன் வயிறெரிந்து "செட்டி" என்று சொன்னதை நான் புரிந்துகொள்கிறேன். அவன் யாரைச் சொன்னான் என்பது அவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும், மொகல் தெருவில் உட்கார்ந்திருந்த அந்த முதலாளியை.

ஆனால் அவன் பேரன், தலையணைகூட இல்லாமல் சாக்கில் படுத்த என் தாத்தாவைப் பார்த்துச் "செட்டி கலா" என்று சொன்னான். கலா என்பது இந்தியரை இங்கே இகழ்ந்து கூப்பிடுகிற பெயர். தாத்தா என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

இன்னும் ஒரு படி போகிறேன். ஒரு செட்டியாரின் சொந்த மருமகனே, பங்கில் ஏமாந்து, காரைக்குடிக்குக் கடிதம் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், "இந்தச் செட்டியார்கள் ஈரமில்லாதவர்கள், பேய்கள்" என்று. அது குடும்பச் சண்டை. எழுதினவனும் செட்டியார், வாசிக்கிறவரும் செட்டியார். நூறு வருஷம் கழித்து அந்தக் கடிதம் செட்டியாரே அல்லாத ஒருவன் கையில் கிடைத்து, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, பார் பார் அவர்கள் ஆளே எழுதிவிட்டான் என்று வாசித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? கடிதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. உங்கள் யோவான் எனக்கு அப்படித்தான் தெரிகிறார். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், வெளியாள் கருத்து.


தாட்டோன்_புத்தகப்பூச்சி

மோல்மேன் அண்ணன் சொன்ன கடிதம் பிரமாதம். நான் கத்தோலிக்கன், விவிலியம் இரண்டு வருஷம் முறையாகப் படித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபதேசியார் ஐயாவோடு ஒரு சின்னச் சண்டை. "அதிகாரிகள்" என்று மாற்றி வாசித்தால் தீர்ந்தது என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது ஐயா. 6:41-ல் "யூதர்கள்" முறுமுறுக்கிறார்கள், அது கலிலேயாவில், அப்பம் சாப்பிட்ட சாதாரண ஜனக்கூட்டம். 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாவுக்கும் மரியாவுக்கும் துக்கம் விசாரிக்க வந்தவர்களும் யூதர்கள், அவர்களில் பலர் இயேசுவை நம்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. இதைவிடப் பெரியது, ஸயாமா கேட்ட 8:44. அந்தப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று மேலே போய்ப் பாருங்கள். 8:31, தம்மை விசுவாசித்த யூதர்களை நோக்கி. அதாவது அந்த நற்செய்தியிலேயே மிகக் கொடூரமான வசனம் நம்பாத ஜனத்துக்கு இல்லை, நம்பிவிட்டு நடுவழியில் நின்றவர்களிடம் தொடங்குகிற வாக்குவாதத்தில் வருகிறது. குடும்பத்துக்குள்ளும் நெருங்கின குடும்பம்.

ஏன் இவ்வளவு சூடு? 70-இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். பலி இல்லை, ஆசாரியர் இல்லை, இனி யூதனாக இருப்பது என்றால் என்ன என்று எல்லோருமே கேட்டுக்கொண்டிருந்த காலம். யோவான் அதற்குப் பிறகு, முதல் நூற்றாண்டின் கடைசி வாக்கில் எழுதப்பட்டது என்பதுதான் அறிஞர்களில் பெரும்பாலோர் கணிப்பு. அதில் மூன்று முறை, 9:22, 12:42, 16:2, இயேசுவை அறிக்கையிட்டவர்களைத் தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைப்பது பற்றிய பேச்சு வருகிறது. 1968-இல் லூயிஸ் மார்ட்டின் என்ற அறிஞர், குருடனின் கதையில் இரண்டு காலம் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது, ஒன்று இயேசுவின் காலம், மற்றது யோவானின் சபை தன் சொந்தத் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட காலம் என்று வாதித்தார். அதை முழுசாக ஏற்காதவர்களும் உண்டு, எனக்கும் சில இடத்தில் இடிக்கிறது. ஆனால் அந்த எழுத்தில் காயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் வீட்டைப் பற்றி எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி.

அதே யோவான்தான் 4-ஆம் அதிகாரத்தையும் எழுதினார். சமாரியப் பெண் இயேசுவைப் பார்த்ததும் "நீர் யூதனாயிருக்க" என்றுதான் ஆரம்பிக்கிறாள். பேச்சிலேயே, உடையிலேயே தெரிந்திருக்கிறது. அவரும் மறுக்கவில்லை, "இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது" என்கிறார். வசனம்_மட்டும் அண்ணா, இதுவும் வசனம்தான்.

ஸயாமாவுக்கு ஒரு உபாயம். உங்கள் வகுப்பில் பர்மிய வேதாகமம் இருக்கிறதே, ஜட்சன் மொழிபெயர்ப்பாக இருந்தால் யூதர் என்பதற்கு அதில் "யுத லூ" என்று இருக்கும், யூதேயாவுக்கு "யுத பியீ". யூதா ஆள், யூதா நாடு. பர்மியத்தில் வாசிக்கிற பிள்ளைக்கு அது ஊர்ப்பெயர் என்பது காதிலேயே விழும், தமிழில் நமக்கு அது விழுவதில்லை. கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. கலிலேயாக்காரர்கள் எருசலேம் பக்கத்து ஆட்களைப் பார்த்த பார்வையும் அதில் கொஞ்சம் இருக்கிறது. இதனால் "யூதேயர்" என்றே மொழிபெயர்த்துவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. யோவானைப் பற்றி நிறைய எழுதிய யூத அறிஞர் அடேல் ரைன்ஹார்ட்ஸ் அதைக் கடுமையாக எதிர்க்கிறார். அப்படி மாற்றினால் அந்தப் பக்கங்களிலிருந்து யூதர்களே காணாமல் போய்விடுவார்கள், அந்த வசனங்களால் பின்னால் நடந்த கொடுமைக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடும் என்பது அவர் கவலை. இதில் நான் அவர் பக்கம்.

பின்னால் நடந்தது கொஞ்சமா? இரண்டாம் நூற்றாண்டில் சர்தை ஊர் ஆயர் மெலித்தோன், இஸ்ரவேல் கடவுளையே கொன்றது என்று பாஸ்காப் பிரசங்கம் செய்தார். வெளிப்பாட்டில் கடிதம் போன ஏழு சபைகளில் ஒன்று அந்தச் சர்தை. 386, 387-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் யூதருக்கு எதிராக வரிசையாகப் பேசினார். காரணம் என்ன தெரியுமா, அவருடைய கிறிஸ்தவர்களே யூதர் பண்டிகைக்குத் தொழுகைக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். முந்நூறு வருஷம் ஆகியும் ஜனங்களுக்கு அது பக்கத்து வீடுதான், சண்டை மேலே உள்ளவர்களுக்குத்தான். 1543-இல் லூத்தர் யூதரைப் பற்றி எழுதினதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, வாய் கூசும். எங்கள் திருச்சபையும் சும்மா இல்லை, 1965 அக்டோபர் 28-ஆம் தேதிதான், பாடுகளின் பழியை அன்றிருந்த எல்லா யூதர் மேலும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றுள்ள யூதர் மேலும் சுமத்த முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டில் எழுதியது. ஸயாமாவின் பையன் கத்துவதற்கு அறுபது வருஷம் முன்புதான். அவனைப் பாவம் என்ன சொல்ல.


வசனம்_மட்டும்

4:22 சரி, ஒத்துக்கொள்கிறேன், அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆனால் 27:25-க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வெளிப்படுத்தல் 2:9-க்கும் இல்லை, "சாத்தானுடைய கூட்டம்". பவுலும் 1 தெசலோனிக்கேயர் 2:15-ல், "அந்த யூதர்கள் கர்த்தராகிய இயேசுவையும், தங்கள் தீர்க்கதரிசிகளையும் கொலைசெய்தவர்கள்" என்கிறார். இது மூன்றும் யோவான் சுவிசேஷம் இல்லையே.


பெகு_உபதேசியார்

தம்பி புத்தகப்பூச்சி சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். 6:41 என் நெற்றியில் அடித்தது. நாற்பது வருஷம் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், இந்த "அதிகாரிகள்" விளக்கத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

வசனம்_மட்டும் தம்பி, நீங்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான், வரிசையாகப் போகிறேன்.

வெளிப்படுத்தல் 2:9-ஐ முழுதாக எழுதுங்கள். "சாத்தானுடைய கூட்டம்" என்பதற்கு முன்னால் "தங்களை யூதரென்று சொல்லியும் யூதராயிராமல்" என்று இருக்கிறது. எழுதினவருக்கு யூதர் என்பது திட்டு என்றால் இப்படி எழுதுவாரா? அந்தப் பெயருக்கு இவர்கள் தகுதி இல்லை என்பதுதான் அவர் கோபம். அந்தப் பெயர் அவருக்கு மரியாதை.

தெசலோனிக்கேயர் வசனம் கடினம், மழுப்ப மாட்டேன். அது பவுல் எழுதினதே இல்லை, பிறகு யாரோ சேர்த்தது என்று சில படிப்பாளிகள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த கைப்பிரதிகளில் எல்லாம் அது இருக்கிறது, ஆகையால் அந்த வழியில் நான் தப்பிக்கப் போவதில்லை. அதன் முந்தின வசனத்தைப் பாருங்கள், தெசலோனிக்கேயா விசுவாசிகள் தங்கள் சொந்த ஜனத்தாலே பாடுபட்டார்கள், யூதேயா சபைகளும் அப்படியே தங்கள் ஜனத்தாலே பாடுபட்டன என்கிறார். இரண்டு பக்கமும் சொந்தக்காரன் அடித்த அடி. பவுல் அதை அனுபவித்தவர். 2 கொரிந்தியர் 11:24, "யூதர்களால் ஒன்று குறைய நாற்பதடியாக ஐந்துதரம் அடிபட்டேன்". ஐந்து தரம்! முதல் அடியிலேயே நான் யூதன் இல்லை, உங்கள் சட்டம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாமே. கட்டவில்லை. ஜெப ஆலயத்தின் தண்டனை ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவனுக்குத்தான், அவர் திரும்பத் திரும்ப உள்ளே போய் முதுகைக் கொடுத்திருக்கிறார்.

அதே பவுல் ரோமர் 11-ல், தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று தானே கேட்டு, கூடாது, நானும் இஸ்ரவேலன், பென்யமீன் கோத்திரம் என்கிறார். பிறகு ஒலிவமரம். நாம் புறஜாதியார், காட்டொலிவக் கிளைகள், நல்ல மரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். "நீ வேரைச் சுமவாமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." ரோமாபுரியில் இருந்த புறஜாதி விசுவாசிகள் அப்போதே யூதரைப் பார்த்து மூக்கைத் தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு இந்த வசனம்?

இரத்தப்பழி. நாலு சுவிசேஷத்தில் மத்தேயு ஒருவர்தான் அதை எழுதுகிறார். அந்த முற்றத்தில் நின்ற கூட்டம் உலகத்து யூதரெல்லாரும் இல்லை, அலெக்சந்திரியாவிலும் பாபிலோனிலும் இருந்த யூதர் அன்று காலை இப்படி ஒருவர் பிடிபட்டதையே அறியார்கள். "எங்கள் பிள்ளைகள்மேலும்" என்கிறது, பிள்ளைகளின் பிள்ளைகள் என்று இல்லை. மத்தேயு எழுதும்போது அந்தப் பிள்ளைகள் எருசலேம் எரிந்ததைப் பார்த்துவிட்ட தலைமுறை, அந்த நெருப்பைத்தான் அவர் நினைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 இருக்கும்போது கூட்டத்தில் கத்தினவன் எவனோ தன் சந்ததி முழுவதையும் எழுதிக்கொடுக்க முடியுமா? அதற்கும் மேலே, அதே மத்தேயுவில் ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 26:28. அந்த இரத்தம் எதற்குச் சிந்தப்படுகிறது என்று ஆண்டவர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார். பாவமன்னிப்புக்கு. அந்த இரத்தம் எங்கள்மேல் வரட்டும் என்று திருவிருந்தில் நாமும்தானே கேட்கிறோம் தம்பி.


வசனம்_மட்டும்

26:28-ஐயும் 27:25-ஐயும் சேர்த்து வைத்து நான் வாசித்ததே இல்லை. யோசிக்கிறேன் ஐயா.


மோல்மேன்காரன்

வெளியாள் ஒரு சந்தேகம். 26-ஆம் தெரு ஆலயத்தில் இப்போது யூதர் யாராவது இருக்கிறார்களா?


தாட்டோன்_புத்தகப்பூச்சி

விரல் விட்டு எண்ணலாம் அண்ணா. போருக்கு முன்பு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலும் பாக்தாத் வழி வந்த வியாபாரக் குடும்பங்கள். இப்போதிருக்கிற கட்டடம் 1890-களில் கட்டியது. ஜப்பான்காரன் வந்தபோது நம் ஆட்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்த அதே நாட்களில் அவர்களும் கல்கத்தாவுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், அவர்களிலும் 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நின்றவர்கள் மிகக் கொஞ்சம். நம் கதைதான், ஆட்கள்தான் வேறு.

ஸயாமா, அந்தப் பலகையில் உள்ள பெயரைப் பார்த்தீர்களா? முஸ்மேயா யெஷுவா. இரட்சிப்பைப் பிரசித்தப்படுத்துவது என்று பொருள். ஏசாயா 52:7-இல் உள்ள வார்த்தை அது, "சுவிசேஷகனுடைய பாதங்கள் மலைகளின்மேல் எவ்வளவு அழகாயிருக்கின்றன" என்று நம் கன்வென்ஷன் பேனரில் எல்லாம் போடுவார்களே, அதே வசனம். பவுல் ரோமர் 10-இல் எடுத்துக் காட்டுவதும் அதைத்தான். யெஷுவா என்பதும் இயேசுவின் எபிரேயப் பெயரும் ஒரே வேரிலிருந்து வருகிறவை.


ஸயாமா_யாங்கூன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு முடிந்து எழுதுகிறேன், மூன்று நாள் கரண்ட் சரியில்லை, போன் சார்ஜ் இல்லை.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, அதனால் வேறு மாதிரி ஆரம்பித்தேன். உன்னை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், ஸ்கூலில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், கோபம் வந்தால் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். அரை மணி நேரம் அதிலேயே போனது. சில பதில்களை இங்கே எழுத முடியாது. பிறகு மத்தேயுவில் யார் "யூதருடைய ராஜா" என்கிறார்கள், யார் "இஸ்ரவேலின் ராஜா" என்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன், போட்டி மாதிரி. பர்மிய வேதாகமம் வைத்திருந்தவள்தான் ஜெயித்தாள். யோவான் 8-ஐ நான் தொடவில்லை, தைரியம் வரவில்லை, இன்னும் இரண்டு வயது கூடட்டும்.

நேற்று பெயின்ட் பற்றாமல் போய் மறுபடியும் 26-ஆம் தெரு. அதே இரண்டு பையன்கள். கடைக்காரர் பெரியவர் அவர்களைப் பார்த்ததுமே எதுவும் பேசாமல் ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டார், முன்ஜாக்கிரதையாக இருக்கலாம். முதல் பையன் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்து, "யெஷுவா, இயேசு பேர் மாதிரியே இருக்கு ஸயாமா" என்று அவனாகவே சொன்னான். நான் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அது ஒரு நிமிஷம்தான். இரண்டாமவன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "சரி ஸயாமா, சிலுவையில போட்டது ரோமர்னு சொன்னீங்களே. அப்ப ரோமர்னா ரோமன் கத்தோலிக்கா?"

புத்தகப்பூச்சி அண்ணா, இதற்கு நீங்கள்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.